கிளாட் லாஜிக்கல் பகுதி: முதலில் பத்தியா, கேள்வியா?

பாலாற்றங்கரை:
வேலூர்ப் பக்கம் கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு) எழுதுற பசங்களுக்கு "முதல்ல கேள்வியப் படி"ன்னு சொல்லித் தர்றாங்க. அது அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்குச் சரி. அங்க ஒரு சின்ன வாதம், அதுக்கு ஒரே கேள்வி. கிளாட்ல சுமார் 450 சொல் பத்தி, கீழ வரிசையா கேள்விகள். எல்லாத்தையும் மனசுல வச்சிக்கிட்டுப் படிச்சா ஆசிரியர் சொல்ல வர்ற முடிவே நழுவிடும்.

கோட்டை அகழி:
அண்ணா, 120 நிமிஷத்துல 120 கேள்வி. எதைத் தேடுறோம்னு தெரியாமப் படிச்சா திரும்பவும் படிக்க வேண்டி வரும். ஆப்ஷனைத் தொடாம, கேள்வி வரியை மட்டும் 15 நொடி பாருங்க. 'வாதத்தை பலவீனமாக்குவது எது'ன்னு இருந்தா, காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவுல இருக்கிற ஓட்டையத் தேடிக்கிட்டே படிக்கலாம்.

பாலாற்றங்கரை:
முடிவு எதுன்னு பிடிபடாம ஓட்டை எங்க தெரியும் தம்பி? 'தேர்ஃபோர்' வர்ற இடத்தையே முடிவுன்னு குறிச்சிட்டு வர்றாங்க. பல பத்திகள்ல முடிவு முதல் வரியிலேயே இருக்கும், 'பிகாஸ்', 'சின்ஸ்'னு காரணங்கள் பின்னால வரும். முழுசாப் படிச்சு முடிவை ஒரு வரியில சொல்லிப் பாக்கணும். அப்புறம்தான் கேள்வி.

ஆற்காட்டுக்காரன்:
எதை முதல்ல படிச்சாலும் மார்க் போறது அசம்ப்ஷன் கேள்வியிலதான், அதாவது வாதம் வெளியே சொல்லாம நம்பியிருக்கிற ஊகம் எதுன்னு கேக்குறது. உதாரணம்: ஆம்பூர்ல ஒரு கடை பிரியாணி விலையை 20 ரூபாய் குறைச்சுது, அந்த மாசம் விற்பனை கூடுச்சு, ஆகவே விலைக் குறைப்பே காரணம்.
அ) விலை குறைந்தால் எல்லாரும் அதிகம் வாங்குவார்கள்.
ஆ) அந்த மாதம் பக்கத்துக் கடை மூடப்படவில்லை.
நிறைய பேர் 'அ'வைத் தொடுவாங்க. அதை மறுத்துப் பாருங்க, மறுத்தா வாதம் ஆடினாத்தான் அது அசம்ப்ஷன். 'எல்லாரும்' என்பதோட மறுப்பு 'யாரும் இல்லை' கிடையாது, 'சிலர் வாங்க மாட்டார்கள்'. அப்பவும் வாதம் நிக்குது. பக்கத்துக் கடை மூடியிருந்தா வாதம் ஆடிடும். விடை 'ஆ'.

கோட்டை அகழி:
அதோட, 'எல்லாம்', 'ஒருபோதும்'னு அழுத்தமான சொல் இருந்தாலே அந்த ஆப்ஷனை நீக்கிடணும்.

ஆற்காட்டுக்காரன்:
இல்ல தம்பி, அது ஆபத்து. பத்தியிலிருந்து என்ன பெறப்படுதுன்னு கேட்டா, பத்தி தாங்காத அழுத்தமான ஆப்ஷனைச் சந்தேகப்படலாம். வாதத்தை பலப்படுத்து, பலவீனமாக்குன்னு கேட்டா ஆப்ஷனை உண்மைன்னு வச்சிக்கிட்டுதான் பாக்கணும். அங்க அழுத்தமா இருக்கிறதே பெரும்பாலும் விடை.

கோட்டை அகழி:
சரி, அதை ஒத்துக்கறேன். ரெண்டு ஆப்ஷன்ல திணறினா? தப்புக்கு 0.25 மார்க் போகுதே, விட்டுடறது மேல் இல்லையா?

பாலாற்றங்கரை:
விடாதே. நாலு ஆப்ஷன்ல கண்ண மூடி 16 கேள்வி அடிச்சா சராசரியா 4 சரி, 12 தப்பு. 4 மார்க் வந்து 3 போகும், 1 மிச்சம். ரெண்டை நீக்கிட்டா ஒரு கேள்விக்கு சராசரி 0.375. ஆனா அந்த ரெண்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் உட்காராதே. அந்த நேரத்துல அடுத்த பத்தியில ரெண்டு கேள்வி போட்டுடலாம். கேள்விய முதல்ல படிக்கிறதுல மட்டும் நான் இன்னும் உன் பக்கம் வரல.