408 ரன் தோல்வி: எங்கள் பூம்பாறைக் குடும்பக் குழுவில் நடந்த வாதம்

26 நவம்பர் 2025, புதன்கிழமை

சித்தப்பா (மூஞ்சிக்கல்), மாலை 5.42
மழையில் கடைக்கு ஆள் வராததால், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கௌகாத்தி டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி நாளைக் கைப்பேசியில் முழுவதும் பார்த்துத் தொலைத்தேன். 549 என்ற இலக்கை நம் அணி எட்டும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் ஒரு நாள் நின்று ஆடித் தோல்வியைத் தவிர்க்கக்கூட ஆள் இல்லாமல் 140க்குச் சுருண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2004இல் நாக்பூரில் ஆஸ்திரேலியாவிடம் 342 ரன் வித்தியாசத்தில் தோற்றதுதான் இதுவரை ரன் கணக்கில் நமக்கு மிகப் பெரிய தோல்வி. இன்று அதுவும் போயிற்று.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 5.50
மட்டையாளர்களைத் திட்டுவதற்கு முன்னால் முதல் இரண்டு நாள்களை நினைத்துப் பார், தம்பி. முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது தென்னாப்பிரிக்கா 247க்கு 6 விக்கெட் இழந்திருந்தது. அங்கிருந்து அவர்களை 489 வரை போகவிட்டது யார்? ஏழாவதாக இறங்கிய முத்துசாமி 109 அடித்தார். ஒன்பதாவதாக இறங்கிய யான்சன், 91 பந்துகளில் 93 அடித்தார். வால் பகுதியை வீழ்த்தத் தெரியாத பந்துவீச்சை வைத்துக்கொண்டு மட்டையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அத்தை (பெருமாள்மலை), மாலை 5.53
அந்த முத்துசாமி நம் பக்கத்துப் பூர்விகம் கொண்டவராமே, அண்ணா? நூறு அடித்தபோது கை தட்டுவதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 5.54
பூர்விகம் நாகப்பட்டினம், பிறந்தது டர்பன். தாராளமாகக் கை தட்டலாம்.

தம்பி (கோவை), மாலை 6.01
பெரியப்பா, கௌகாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது பொருந்தும். இதே தொடரின் முதல் டெஸ்ட் நடந்த கொல்கத்தாவையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பும்ரா 27 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். நம் பந்துவீச்சாளர்கள் அவர்களை 159க்கும் 153க்கும் சுருட்டினார்கள். வெற்றிக்குத் தேவைப்பட்டது 124 ரன் மட்டுமே. கழுத்து வலியால் கேப்டன் கில் ஆட முடியாமல் போனார் என்பது உண்மைதான் என்றாலும், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 93 எடுத்ததற்குப் பந்துவீச்சு எப்படிப் பொறுப்பாகும்?

நான், மாலை 6.09
தம்பியின் பக்கம் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக நம் வாஷிங்டன் சுந்தர் முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7, அடுத்ததில் 56 ரன்னுக்கு 4 என்று மொத்தம் 11 விக்கெட் எடுத்தார். ஒரு சுழற்பந்து வீச்சாளரிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? அந்த ஆட்டத்தில் 113 ரன் வித்தியாசத்தில் தோற்றோம், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் சாண்ட்னர் 13 எடுத்தார். அடுத்து மும்பையில் 147 என்ற இலக்கைத் துரத்தி 121க்கு ஆட்டமிழந்தோம். அங்கே அஜாஸ் பட்டேல் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 எடுத்தார். இந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஹார்மர், இரண்டே டெஸ்டில் 17. மூவருமே மாய வித்தை காட்டுகிறவர்கள் அல்லர். விரலால் சுழற்றும் சாதாரண வகைப் பந்துவீச்சாளர்கள்.

சித்தப்பா (மூஞ்சிக்கல்), மாலை 6.12
ஹார்மருக்கு வயது 36 என்பதையும் சேர்த்து எழுது. 2015இல் இதே நாட்டுக்கு வந்து, அணியோடு தொடரைத் தோற்றுவிட்டுத் திரும்பியவர் அவர்.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 6.20
ஆடுகளத்தைப் பற்றி ஒருவரும் பேசக் காணோமே. கொல்கத்தாவில் பந்து ஒன்று காலடியில் தவழ்ந்தது, அடுத்தது முகத்துக்கு நேராக எழுந்தது. அப்படிப்பட்ட மண்ணில் யாரை நிற்க வைத்தாலும் ஆட்டமிழக்கத்தான் செய்வார்கள்.

சித்தப்பா (மூஞ்சிக்கல்), மாலை 6.22
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அண்ணா. இங்கே அதைவிட வேடிக்கை என்னவென்றால், கூடத்தைக் கோணலாகக் கட்டச் சொன்னதே நாம்தான். தாங்கள் கேட்ட ஆடுகளம்தான் கிடைத்தது என்று பயிற்சியாளர் கம்பீரே தோல்விக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். அதே மண்ணில் அவர்கள் கேப்டன் பவுமா 55 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த ஆட்டம் முழுவதிலும் அடிக்கப்பட்ட ஒரே அரைச்சதம் அதுதான்.

அண்ணன் (திண்டுக்கல்), மாலை 6.41
பயிற்சி முடிந்து இப்போதுதான் வந்தேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். வாரந்தோறும் லீக் ஆட்டத்தில் ஆஃப் ஸ்பின் போடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நேற்று மாலை ராகுல் ஆட்டமிழந்த பந்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஹார்மர் அதை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, மட்டையாளரின் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் போடுகிறார். எட்டி அடிக்கலாம் என்று ராகுலுக்குத் தோன்றுகிறது. முன்கால் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது, கை மட்டும் மேற்கொண்டு போகிறது. பந்து அவர் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்து, மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைச் சாய்க்கிறது. அந்தப் பந்து சுழன்றதைவிட, இறங்கியதுதான் அவரை ஏமாற்றியது.
நம்மவர்கள் அப்படி இறக்கிப் போடுவதில்லை. ஜடேஜா வேகமாக, தட்டையாகப் போடுகிறார். பந்து தாறுமாறாக உடையும் களத்தில் அது கொல்லும், கௌகாத்தி போன்ற நல்ல களத்தில் அதுவே மட்டையாளருக்குப் பழகிவிடும். ஆகவே பந்துவீச்சிலும் குறை இல்லாமல் இல்லை. 537 விக்கெட் எடுத்த அஸ்வின் போன டிசம்பரில் விலகிய பிறகு, காற்றிலேயே ஏமாற்றக்கூடிய ஆஃப் ஸ்பின்னர் நம்மிடம் இல்லை.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 6.44
இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நத்தம் மைதானத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக அஸ்வின் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். ஒரே ஓவரில் ஆறு விதமாகப் போடுவார்.

தம்பி (கோவை), மாலை 6.52
அண்ணா, உங்கள் விளக்கத்திலிருந்தே நான் மட்டையாளர்களைக் குற்றம் சாட்டுவேன். கொல்கத்தாவில் இடது கை ஆட்டக்காரர்கள் ஆறு பேரை இறக்கினோம். அவர்களுக்கு வெளியே திரும்பும் பந்தைப் போடுகிற ஆஃப் ஸ்பின்னர் எதிரணியில் இருக்கும்போது இப்படி ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தது, ஹார்மருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகத்தான் ஆயிற்று. மட்டை வரிசையில் மூன்றாம் இடத்தின் கதை அதைவிட மோசம். ஜூன் மாதம் லீட்ஸில் சாய் சுதர்சன் அங்கே ஆடினார், பிறகு கருண் நாயர் வந்தார், மறுபடியும் சுதர்சன். கொல்கத்தாவில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வாஷிங்டனை மூன்றாவதாக இறக்கினார்கள், கௌகாத்தியில் அதே வாஷிங்டன் எட்டாம் இடத்துக்குப் போனார். டிராவிடும் புஜாராவும் வருடக்கணக்கில் குடியிருந்த இடம் அது.

அத்தை (பெருமாள்மலை), மாலை 6.58
சுதர்சனை யாரும் திட்டாதீர்கள். இன்று மற்றவர்கள் வந்ததும் போனதுமாக இருந்தபோது, 139 பந்துகள் நின்றது அந்தப் பிள்ளைதான்.

சித்தப்பா (மூஞ்சிக்கல்), மாலை 6.59
139 பந்துகளில் 14 ரன், அம்மா.

அத்தை (பெருமாள்மலை), மாலை 7.00
இருக்கட்டுமே. ஐந்தாம் நாளில் ரன்னையா கேட்டார்கள், சின்னண்ணா? நீங்கள்தானே நின்று ஆட ஆள் இல்லை என்று 5.42க்கு எழுதினீர்கள்?

தம்பி (கோவை), மாலை 7.01
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான், மாலை 7.10
அத்தை சொல்வதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளில் 759 ரன் எடுத்து எல்லோரையும் முந்தியவர் இதே சுதர்சன்தான். ஆகவே இருபது ஓவர் ஆட்டம் ஒருவரின் தடுப்பாட்டத்தைத் தானாகக் கெடுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கௌகாத்தியின் முதல் இன்னிங்ஸைப் பாருங்கள்: 95க்கு 1 என்று இருந்த அணி 122க்கு 7 ஆனது. யான்சனை இறங்கி வந்து அடிக்கப் பார்த்த பந்த் 7 ரன்னில் பின்னால் பிடி கொடுத்தார், அவர்தான் அன்று கேப்டன். எகிறிய பந்துகளுக்கு மற்றவர்கள் வரிசையாகப் போனார்கள். அதன் பிறகு 134 பந்துகளைச் சந்தித்து 19 ரன் எடுத்த குல்தீப், பந்துவீச்சாளர் என்ற பெயரில் அணியில் இருப்பவர். அவரால் முடிந்ததென்றால் களத்தில் பேய் எதுவும் இல்லை என்றுதானே பொருள்? என் கணக்கில் இது திறமைக் குறைவைவிட, நின்று ஆடுவதற்கு அணிக்குள் மதிப்பு இல்லாமல் போனதன் விளைவு. 2017இல் ராஞ்சியில் புஜாரா 525 பந்துகளைச் சந்தித்து 202 எடுத்ததை இப்போது யாராவது ஆடினால், மந்தமாக ஆடுகிறார் என்று அடுத்த ஆட்டத்திலேயே உட்காரவைத்துவிடுவார்கள்.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 7.31
இடையில் மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே யோசித்தேன். நீ சொல்வது இந்த ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. மான்செஸ்டரில் ஜடேஜாவும் வாஷிங்டனும் கடைசி நாளில் நின்று ஆளுக்கொரு சதம் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்களே? கில் அந்தத் தொடரில் 754 ரன் எடுத்தாரே? நின்று ஆடத் தெரியாத அணியால் 2–2 என்று சமன் செய்திருக்க முடியாது.

அண்ணன் (திண்டுக்கல்), மாலை 7.38
அங்கே நின்றது வேகப்பந்துக்கு எதிராக, சுழலாத களங்களில், அப்பா. நம் மட்டையாளர்களுக்கு வெளிநாட்டைவிட உள்நாடு கடினமாகிவிட்டது என்பதுதான் இதில் விசித்திரம். இங்கிலாந்தில் வென்ற இரண்டு ஆட்டங்களிலும் பும்ரா இல்லை. ஓவலில் 6 ரன்னில் வென்றது சிராஜின் 5 விக்கெட்டால். அதாவது தலைமைப் பந்துவீச்சாளர் இல்லாமலே பந்துவீச்சு சமாளித்திருக்கிறது. உள்நாட்டில் கடைசி ஏழு டெஸ்டில் ஐந்தைத் தோற்றிருக்கிறோம், அந்த ஐந்தில் நான்கிலாவது பந்துவீச்சாளர்கள் வெல்லும் நிலைக்கோ அதற்கு அருகிலோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வாதாடலாம்.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 7.40
மூன்று என்று சொல். நியூசிலாந்துக்கு எதிராகப் பெங்களூரில் 46க்கு ஆட்டமிழந்த பிறகு அவர்களை 402 எடுக்கவிட்டோம், அதை உன் கணக்கில் சேர்க்காதே.

அண்ணன் (திண்டுக்கல்), மாலை 7.41
சரி, மூன்று.

அத்தை (பெருமாள்மலை), மாலை 7.46
இந்த மாதம் 2ஆம் தேதி இதே தென்னாப்பிரிக்காவை நவி மும்பையில் 52 ரன்னில் தோற்கடித்து மகளிர் உலகக் கோப்பையை வென்ற அணியும் இந்திய அணிதான். தீப்தி ஷர்மா 58 ரன்னும் எடுத்தார், 39 ரன்னுக்கு 5 விக்கெட்டும் எடுத்தார். மட்டையா பந்தா என்று நீங்கள் இரண்டு மணி நேரமாக அடித்துக்கொள்கிறீர்கள்; அவர் இரண்டையும் செய்து காட்டினார்.

சித்தப்பா (மூஞ்சிக்கல்), மாலை 7.49
அதை மறுக்க யாருக்கும் துணிவில்லை, அம்மா. ஞாயிற்றுக்கிழமை ராஞ்சியில் ஒரு நாள் ஆட்டம் தொடங்குகிறது. ரோஹித்தும் கோலியும் வருகிறார்கள். அதில் வென்றுவிட்டால் கௌகாத்தியை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 7.55
அடுத்த டெஸ்டுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. மூன்றாம் இடத்தில் யாரை நிறுத்துவாய் என்பதை மட்டும் சொல், உன் வாதத்தை ஏற்பதா என்று பார்க்கிறேன்.

அண்ணன் (திண்டுக்கல்), மாலை 7.58
சுதர்சனையே, அப்பா, பத்து டெஸ்டுக்கு. இடையில் நான்கு முறை பூஜ்யத்தில் போனாலும் மாற்றமாட்டேன்.

பெரியப்பா (பூம்பாறை), மாலை 7.59
நான்கு முறை என்பது அதிகம். மூன்று முறை வரை பொறுத்துக்கொள்கிறேன்.