இரைச்சலை எடுக்கப் போய் குரலையும் எடுத்துவிட்டேன்: எஃபெக்ட் போட்ட அனுபவங்கள்

அத்தைக்கு 81 வயது. அவருடைய சின்ன வயசுக் கதைகளை அவர் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் மதியம் உட்கார்ந்துவிட்டோம். ஃபோனை மேசைமேல் வைத்து 40 நிமிடம் பதிந்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மனம் வரவில்லை, புழுக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்கும்.

அன்று ராத்திரியே ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்தேன். ஹெட்போனில் கேட்டால் ஃபேன் சத்தம் குரலின் மேல் போர்வை மாதிரி கிடந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற இரைச்சல் குறைக்கும் எஃபெக்டைப் போட்டால் போகும் என்று தெரியும். அது இரண்டு கட்டமாக நடக்கிற வேலை. முதலில் இரைச்சல் மட்டும் கேட்கிற ஓர் இடத்தைத் தேர்ந்து மாதிரி காட்ட வேண்டும், அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்து எஃபெக்டை ஓட்ட வேண்டும். அத்தை பேச்சை நிறுத்திய ஓர் இடத்தை மாதிரியாகக் காட்டினேன். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு 12 டெசிபல் என்று இருந்த அளவை 24க்கு ஏற்றினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் லேசாகக் கேட்கிறதே என்று மறுபடியும் ஒருமுறை ஓட்டினேன். ஃபேன் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. முதல் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்து, அதே பெயரில் பழைய ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் முழுவதையும் கேட்டேன். தன் சிநேகிதி ஒருத்தி பற்றிச் சொல்லும்போது அத்தை குரலைத் தணித்து, "அத்தோட சரி, அப்புறம் அவ என்கிட்ட பேசவே இல்ல" என்றார். எதிரில் உட்கார்ந்து கேட்டவன் நான். பதிவில் அந்த வரி இல்லை. "அத்தோட" இருந்தது, "சரி"யில் ச இல்லை, "பேசவே" என்ற சொல்லின் நடுவில் ஒரு குழி. மற்ற இடங்களிலும் கவனித்தால் கிணறு, விளக்கு, சொன்னது என்று உகரத்தில் முடிகிற சொற்களெல்லாம் கடைசியில் நறுக்கென்று நின்றன. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அந்த அரை மாத்திரையைத்தான் எஃபெக்ட் தின்றிருந்தது. மிச்சமிருந்த குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கிணுகிணுத்தது.

ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் பிடித்தது. இந்த எஃபெக்ட், ஒலியை நூற்றுக்கணக்கான குறுகிய அலைவரிசைகளாகப் பிரித்துக்கொள்கிறது. நாம் காட்டிய மாதிரியில் ஒவ்வொரு வரிசையிலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து வைக்கிறது. பிறகு எந்த வரிசையில் ஒலி அந்த அளவுக்குக் கீழே போகிறதோ அங்கே குறைக்கிறது. குரல் உரக்க இருக்கும்வரை அது தப்பிக்கும். தணிந்த சொல்லும் சொல்லின் இறுதி உகரமும் இரைச்சலின் மட்டத்துக்கே இறங்கிவிடுவதால் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். அளவை அதிகமாக ஏற்றினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிசைகள் மட்டும் திறந்து மூடும். தண்ணீர்ச் சத்தம் அதனால்தான்.

இன்னொரு பெரிய தவறு, மாதிரி எடுத்த இடம். அதைப் பெரிதாக்கிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அங்கே அத்தை மூச்சை இழுக்கிறார். மூச்சுச் சத்தமும் ச, ஸ போன்ற உரசல் ஒலிகளும் காற்று உரசுவதால் பிறப்பவை, ஏறக்குறைய ஒரே சாயல். அத்தையின் மூச்சையே இரைச்சல் என்று நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அது சொன்னபடி செய்துவிட்டது.

நல்லவேளையாக ஃபோனில் மூலப் பதிவு அழியாமல் இருந்தது. இந்த முறை பதிவின் தொடக்கத்தில், அத்தை வாய் திறப்பதற்கு முன்னால் ஃபேன் மட்டும் ஓடிய ஒரு விநாடியை மாதிரியாக எடுத்தேன். அதற்கு முன்பே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் நீக்கிவிட்டேன். அத்தை குரலில் அங்கே ஒன்றும் இல்லை, மேசை அதிர்வுதான் இருந்தது. பிறகு 6 டெசிபல். எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் கேட்கும் வசதி ஒன்று அந்த எஃபெக்டிலேயே இருக்கிறது, எஞ்சியதைக் காட்டும் பொத்தான். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் அதைத் தொடுவதில்லை. அதைப் போட்டுக் கேட்டால் வெறும் ஃபேன் சத்தம் மட்டும் வர வேண்டும். அதற்குள் ஒரு எழுத்தாவது காதில் விழுந்தால் நாம் குரலை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். 6இல் ஒன்றும் கேட்கவில்லை. 10இல் "பேசவே" கேட்டது. 8இல் நிறுத்தினேன்.

ஃபேன் இன்னும் கேட்கிறது. கேட்கட்டும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், குறிப்பாகப் பேச்சுப் பதிவுகளில்.

* * *

குற்றியலுகரம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிகிறேன். நான் இழந்தது ஒற்று.

ஒரு புத்தகம் மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. இடைவெளிகளைச் சுருக்கலாம் என்று ட்ரங்கேட் சைலன்ஸ் எஃபெக்டை எடுத்தேன். அரை விநாடிக்கு மேல் நீளும் மௌனத்தைத்தான் அது சுருக்கும் என்று அமைப்பு இருந்தது. அதை 0.1 விநாடியாகக் குறைத்து, சுருக்கிய பிறகு மிஞ்ச வேண்டியது 0.05 என்று வைத்தேன். பதிவு நன்றாகவே குறுகியது. ஒரு மாணவி கேட்டுவிட்டு, "சார், இந்த அத்தியாயத்துல மட்டும் ஏன் வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு? எழுத்தெல்லாம் அழுத்தமே இல்லாம போகுதே" என்றாள்.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எட்டிப் பார்த்தான்' என்று வாசித்த இடம். எ முடிந்ததும் கோடு தட்டையாகப் போய், பிறகு டி வெடிக்கிறது. நாக்கு மேலே ஒட்டி நிற்கும் அந்தத் தட்டைக் கோடுதான் ட் என்ற ஒற்று. நான் நிதானமாக வாசிக்கிற வேகத்தில் அது 0.15 விநாடி அளவுக்கு வருகிறது. மென்பொருளின் கணக்கில் அது மௌனம், அதனால் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டது. பட்டம், பத்து, குற்றம், அக்கறை எல்லாவற்றிலும் இதே கதை. ஆங்கிலத்தில் வாசித்துப் பதிபவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு. அவர்கள் மொழியில் ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நீளமாக நின்று வருகிற ஒற்று அரிது. நமக்கு வரிக்கு நான்கு.

இன்னொன்றும் பார்த்தேன். எதை மௌனம் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு −20 டெசிபல் என்று எல்லை இருந்தது (உச்ச மட்டம் 0, அதற்குக் கீழே போகப் போகத் தணிந்த ஒலி). என் பதிவின் உச்சமே −12தான். வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் பல −20க்குக் கீழே போகின்றன, அவற்றையும் மௌனம் என்றே எடுத்துக்கொண்டது. இப்போது எல்லையை −45க்கு இறக்கி, 0.7 விநாடிக்கு மேற்பட்டதை மட்டும் சுருக்குகிறேன். மூன்று மணி நேரத்தில் பத்து நிமிடம்கூடக் குறையவில்லை. அதனால் பரவாயில்லை, அந்த மாணவி அந்த அத்தியாயத்தை மறுபடி கேட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள்.

* * *

எஃபெக்ட் போடும் வரிசையையும் யாராவது சொல்ல வேண்டும். நான் முதலில் கம்ப்ரஸர் போட்டுவிட்டுத்தான் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போவேன், பல மாதம் அப்படித்தான் செய்தேன். கம்ப்ரஸர் உரத்த இடங்களை அமுக்குகிறது, பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுகிறோம். குரல் சமமாகிறது, ஆனால் பேச்சுக்கு இடையில் கிடந்த இரைச்சலும் கூடவே எழும்புகிறது. அதுவும் ஒரே அளவில் எழும்பாது. பேசும்போது அமுங்கி, நிறுத்தியதும் மெல்ல மேலே வரும், பதிவே மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு எந்த இடத்தில் மாதிரி எடுத்தாலும் அடுத்த இடத்து இரைச்சலோடு பொருந்தாது. இரைச்சலை எடுத்துவிட்டு, கீழ், மேல் சுருதிகளின் அளவைச் சரிசெய்யும் ஈக்வலைசர், அதன் பிறகு கம்ப்ரஸர், கடைசியில் ஒலி மட்டம். இப்போது இந்த வரிசைதான்.

ஒலி மட்டத்தில் நார்மலைஸை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அது பதிவிலேயே உயர்ந்த ஒரே ஒரு உச்சத்தைப் பார்த்து மற்றதையெல்லாம் நகர்த்துகிறது. இருவர் பேசிய ஒரு பேட்டியில் ஒருவர் மேசையைத் தட்டினார், அந்த ஒரு தட்டு ஒரு மணி நேரப் பேச்சைத் தாழ்த்தி வைத்துவிட்டது. காது உணர்கிற சராசரி உரப்பை அளப்பது எல்.யூ.எஃப்.எஸ். என்ற அளவு. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் −23 என்று வகுத்துக்கொண்டது அதில்தான். பாட்காஸ்டுக்கு −16 அளவில் வைத்தால் ஃபோனில் கேட்பவர்களுக்குப் போதும். லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

* * *

நான் பாடுகிறவள். சின்னதாக ஒன்று. எதிரொலிபோல் குரலை நீட்டும் ரிவெர்பை ஃபைலோடு சேர்த்துக் கலந்து சேமித்துவிட்டு, பிறகு அதைக் குறைக்க எந்த வழியும் இல்லாமல் ஒரு பாடலைத் திரும்பப் பாடினேன். குரல் கட்டியிருந்த நாள் அது, முதல் முறை வந்த சங்கதி திரும்ப வரவே இல்லை. ஆடாசிட்டியில் 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து எஃபெக்டைத் தடத்தின் மேல் வைத்து, வேண்டும்போது போட்டு அணைத்துக் கேட்கலாம். குரல் கீழே அப்படியே இருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஒற்று பற்றி எழுதியவருக்குத் தனியாக. என் பதிவையும் பெரிதாக்கிப் பார்த்தேன், "அத்தோட" என்பதில் அந்தத் தட்டைக் கோடு பத்திரமாக இருக்கிறது.

கம்ப்ரஸர் பற்றிப் படித்த பிறகு ஒன்று செய்தேன். 40 நிமிடத்துக்கும் அதைப் போடாமல், அத்தை குரல் தணிந்த அந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்து 4 டெசிபல் உயர்த்தினேன். ஃபேனும் அங்கே கொஞ்சம் உயர்கிறது. இரண்டு ஓரத்திலும் ஏற்ற இறக்கத்தைச் சாய்வாக்கியதும் உறுத்தவில்லை.

நேற்று அத்தைக்கு ஹெட்போன் மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த ஃபேன்?" என்றார். அப்புறம், "இன்னொருக்கா அதப் போடு."