நேபாள வாட்ச்மேன் குடும்பம்: ஊருக்குப் பணம், ஆதார், பிறந்த தேதிக் குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி_48வீடு கேட்டது:

வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் அவர் மனைவியும் நேபாளத்தில் கைலாலி மாவட்டத்துக்காரர்கள். அசோசியேஷன் சார்பில் அவர்களுக்கு முறையாகச் சில வேலைகள் முடித்துக் கொடுக்க வேண்டும். தெரிய வேண்டியது இவை:

மாதம் 12,000 ரூபாய் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறார். இப்போது ஒரு ஏஜென்ட் வழியாகப் போகிறது. அங்கே 18,400 நேபாள ரூபாய்தான் கையில் கிடைக்கிறதாம். இது சரியான கணக்கா? வங்கி மூலம் அனுப்ப வழி உண்டா?

கணக்குத் தொடங்கப் போனபோது அவருடைய நேபாள அடையாளச் சான்றில் பிறந்த வருடம் 2052 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கு என்ன செய்வது? ஆதார் எடுக்க முடியுமா?

தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள். பணம் எப்படி எடுத்துப் போவது, எந்த வழி?

---

அண்ணாநகர்_தாத்தா:

ஆதாருக்கெல்லாம் அலைய வேண்டாம். புரோக்கர் மூலம் வாக்காளர் அட்டை வாங்கிவிடுங்கள், எல்லாம் தானாக நடக்கும்.

---

படிவம்7:

ஐயா, தயவு செய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். வாக்காளர் அட்டை இந்தியக் குடிமகனுக்கு மட்டும்தான். பொய் உறுதிமொழி கொடுத்து வாங்குவது குற்றம், மாட்டிக்கொள்வது வாட்ச்மேன்தான், புரோக்கர் இல்லை. நேபாளம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் அங்கேயும் வம்பு வரும். அவருக்கு இங்கே இருக்கவும் வேலை செய்யவும் விசாவே தேவையில்லை. 1950 ஜூலை 31-இல் கையெழுத்தான இந்திய-நேபாள ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது. நேர்வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

செயலாளர் சார், முதலில் அந்தச் சான்றைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

அதற்குப் பெயர் 'நாகரிக்தா'. நேபாளக் குடியுரிமைச் சான்று. மாவட்ட நிர்வாக அலுவலகம் கொடுப்பது, 16 வயது ஆனதும் வாங்கலாம். அதில் இருக்கும் 2052 பிழை இல்லை, நேபாளத்து நாட்காட்டியான விக்ரம் சம்வத் வருடம். நம் சித்திரை 1-ஐ ஒட்டித்தான் அவர்களுக்கும் வருடம் பிறக்கும். வருடப் பிறப்பிலிருந்து டிசம்பர் 31 வரைக்கும் 57 கழிக்க வேண்டும். ஜனவரி 1 முதல் அவர்களுடைய வருடக் கடைசி வரைக்கும் 56 கழிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் எல்லாரும் ஒரு வருடத்தைத் தவற விடுகிறார்கள்.

மாதம் நமக்கு இன்னும் சுலபம். அவர்களுடையதும் சூரிய மாதம், நம்முடையதும் சூரிய மாதம். அவர்கள் வைசாகம் நம் சித்திரை, ஜேட் நம் வைகாசி, அசார் நம் ஆனி, இப்படியே போகும். அவர்களுடைய மாகே சங்கராந்தி நம் பொங்கல் நாளில்தான் வரும். ஒரே ஒரு பள்ளம்: 'கார்த்திக்' என்று எழுதியிருந்தால் கார்த்திகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஐப்பசி. நம் கார்த்திகை அவர்களுக்கு மங்சிர்.

ஆக 2052-3-15 என்று இருந்தால் மூன்றாவது மாதம் அசார், அதாவது 1995 ஆனி நடுவில், ஜூன் 29-ஐ ஒட்டி. நம் நாட்காட்டிக்கும் அதற்கும் ஓரிரு நாள் வித்தியாசம் வரலாம், அதனால் படிவத்தில் எழுதும் தேதியை 'ஹாம்ரோ பாத்ரோ' செயலியில் போட்டு எடுங்கள். நேபாளிகள் எல்லார் போனிலும் அது இருக்கும்.

தாளை ஒரு முறை உற்றுப் பாருங்கள். எண்கள் தேவநாகரியில் இருக்கும். அதில் 1 நம் கண்ணுக்கு 9 மாதிரி தெரியும், 7 கிட்டத்தட்ட 6 மாதிரி தெரியும். 2041-ஐ 2049 என்று படித்தால் ஆளுக்கு எட்டு வயது குறைந்துவிடும். சான்று புதியதாக இருந்தால் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயரும் ஆங்கிலத் தேதியும் இருக்கும். கவுன்ட்டரில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்து வருவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

ஆதார்: எடுக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்குப் படிவம் 7. பலர் நம்முடைய படிவம் 1-ஐ நிரப்பிக்கொண்டு போய் நிராகரிக்கப்படுகிறார்கள். அடையாளத்துக்கு நேபாள பாஸ்போர்ட் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் நாகரிக்தாவோடு, 182 நாளுக்கு மேல் தங்குவதற்காக நேபாளத் தூதரகம் கொடுக்கும் புகைப்பட அடையாளச் சான்றும் சேர்த்து வேண்டும். தூதரகம் டெல்லி பாரகம்பா சாலையில், துணைத் தூதரகம் கொல்கத்தாவில். இந்த இடத்தில்தான் ஏழைக் குடும்பங்கள் நின்றுபோகின்றன. ஆகவே எப்படியும் ஊருக்குப் போகிறார் என்றால், அங்கேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதுதான் என் அழுத்தமான யோசனை. முகவரிச் சான்றுக்கு, ஆதார் சேவை மையத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து அதில் உள்ளதையே கொண்டுபோங்கள்.

நேபாளிகளுக்குக் கிடைக்கும் ஆதார் பதிவு செய்த நாளிலிருந்து 10 வருடம்தான் செல்லும். அந்தத் தேதியை அசோசியேஷன் ஃபைலில் குறித்து வையுங்கள்.

---

கவுன்ட்டர்_மூன்று:

பணம் அனுப்புவதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993-லிருந்து இதே நிலையான மதிப்புதான், தினமும் ஏறி இறங்காது. 12,000 × 1.6 = 19,200. கையில் கிடைப்பது 18,400 என்றால் 800 நேபாள ரூபாய், நம் கணக்கில் 500 ரூபாய் மாதாமாதம் போகிறது. வருடத்துக்கு 6,000. "இன்றைக்கு ரேட் குறைவு" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு ரேட்டே கிடையாது. கட்டணம் என்று சொல்லி வாங்கட்டும், ரேட் என்று சொல்லி வாங்கக் கூடாது.

வங்கி வழி: இந்திய-நேபாள பணப் பரிமாற்றத் திட்டம். 2008-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. நெஃப்ட் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) வசதி உள்ள எந்தக் கிளையிலும் கொடுக்கலாம், எஸ்பிஐ வழியாக நேபாள் எஸ்பிஐ வங்கிக்குப் போகும். இங்கிருந்து அங்கே மட்டும்தான், திரும்பி வராது. கிளையில் "நேபாளத்துக்கு நெஃப்ட்" என்று கேளுங்கள். புதிதாக வந்த ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம், அப்போது மேனேஜரிடம் கேட்க வேண்டும்.

இங்கே கணக்கு இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் ஒரு முறைக்கு 50,000 வரை, வருடத்தில் 12 முறைதான். மாதம் ஒரு தடவை அனுப்புகிறவருக்குச் சரியாகப் போகும். மாதம் இரண்டு தடவை பிரித்து அனுப்பினால் ஆறாவது மாதத்தோடு கதவு மூடிவிடும். கணக்கிலிருந்து அனுப்பினால் 2021 அக்டோபர் முதல் ஒரு முறைக்கு 2 லட்சம் வரை, எத்தனை முறை என்ற கட்டுப்பாடு இல்லை. ரொக்கம் கட்டுகிறவர் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். வேலை கொடுப்பவர் புகைப்படத்தோடு தரும் சான்றும் இதற்கு ஏற்கப்படும் வகையில் வரும். அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் புகைப்படம் ஒட்டி, அதன் மேல் பாதியும் தாள் மேல் பாதியுமாக முத்திரை விழும்படி குத்திக் கொடுங்கள்.

பெறுகிறவருக்கு நேபாள் எஸ்பிஐ வங்கியில் கணக்கு இருந்தால் நேரே அதில் விழும். இல்லையென்றால் அங்குள்ள பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கடையில் நேபாள ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அம்மாவிடம் இரண்டு பொருள் வேண்டும்: அவருடைய நாகரிக்தா, இங்கே ரசீதில் இருக்கும் யூடிஆர் எண், அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கான தனி எண். அந்த எண்ணைப் போனில் வாயால் சொல்லாதீர்கள், ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கடைக்காரர் தேட மாட்டார்.

ஒரு வாரத்துக்குள் அம்மா போய் வாங்காவிட்டால் பணம் திரும்பிவிடும். மழைக்காலத்தில் மலைப் பாதை அடைபட்டுப் போவது உண்டு. ஆகவே அனுப்புகிற அன்றே அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ தகவல் போக வேண்டும். படிவத்தில் அவருடைய நேபாள மொபைல் எண்ணை எழுதுங்கள், பத்து இலக்கம், 98 அல்லது 97-இல் தொடங்கும். முன்னால் 977.

பெயரில்தான் அதிகம் திரும்பி வருகிறது. அம்மாவின் நாகரிக்தாவில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். நேபாளிப் பேச்சில் 'வ' பெரும்பாலும் 'ப' ஆகிவிடும், விஷ்ணு அங்கே பிஷ்ணு. நம் ஆட்கள் அதைத் திருத்தி விஷ்ணு என்று எழுதிவிடுகிறார்கள். திருத்தாதீர்கள். அதேபோல் அவர்களுக்கு இனிஷியல் கிடையாது. பெயர், நடுவில் பகதூர் அல்லது மாயா, கடைசியில் குடும்பப் பெயர். அப்பா பெயரின் முதல் எழுத்தை நாமாகச் சேர்த்தால் வங்கியில் ஒரு ஆள், ஆதாரில் வேறொரு ஆள் ஆகிவிடுவார்.

---

வேளச்சேரி_48வீடு:

மிக்க நன்றி. வருடத்துக்கு 6,000 என்று பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. செக்யூரிட்டி ஏஜென்சி மூலம்தான் சம்பளம் போகிறது. "நேபாளி என்பதால் பிஎஃப் கிடையாது" என்று அவர்கள் சொல்கிறார்கள். சரியா?

---

சம்பளப்பட்டியல்:

தவறு. பிஎஃப் திட்டத்தில் 'சர்வதேசத் தொழிலாளி' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் நேபாளிகளைச் சேர்க்கவில்லை. 1950 ஒப்பந்தத்தின் காரணமாக அவர்களை இந்தியத் தொழிலாளியாகவே கருத வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்சிக்குப் பிஎஃப் பொருந்துமானால் இவருக்கும் பொருந்தும், இந்தியருக்கு உள்ள அதே 12 சதவீதம், பணம் எடுப்பதிலும் அதே விதி. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் அப்படித்தான்: 21,000 வரை சம்பளம் என்றால் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம். அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் சிகிச்சை கிடைக்கும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் காட்டிவிட்டு யூஏஎன் எண்ணை, அதாவது அவருடைய பிஎஃப் அடையாள எண்ணை, கொடுக்காமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தம் இருந்தால் எண் இருந்தே ஆக வேண்டும். எழுத்தில் கேளுங்கள். யூஏஎன்-இல் பெயரும் பிறந்த தேதியும் முதலிலேயே நாகரிக்தாபடி விழட்டும். ஏஜென்சிக்காரர்கள் பதிவேட்டில் "பகதூர்" என்று மட்டும் எழுதி வைப்பது வழக்கம். அந்தப் பெயரில் சேர்ந்த பணத்தை யாராலும் எடுக்க முடியாது.

---

தாம்பரம்_சந்திப்பு:

பயணம்: தசைன் நம் நவராத்திரி நாட்களில்தான், பத்தாம் நாள் விஜயதசமி அன்று பெரியவர்கள் கையால் நெற்றியில் டீக்கா வைப்பதுதான் முக்கியம். ஆயுத பூஜைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அந்த நாளை இப்போதே காலண்டரில் குறியுங்கள்.

கைலாலி என்றால் தங்கடி பக்கம். லக்னோ வரை ரயில், அங்கிருந்து பாலியா வழியாகக் கௌரிபாண்டா எல்லை. ஏஜென்ட்கள் எல்லாருக்கும் கோரக்பூர் டிக்கெட்டே போட்டுவிடுகிறார்கள். கோரக்பூர், சோனாலி வழி ரூபந்தேஹி, பால்பா பக்கத்தாருக்குத்தான் நல்லது. கைலாலிக்காரர் அங்கே இறங்கினால் நேபாளத்துக்குள்ளேயே மேற்கே பல மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். காஞ்சன்பூர் என்றால் பன்பாசா; பாங்கே, சுர்கேத் என்றால் ரூபைடியா; காத்மாண்டு என்றால் ரக்சவுல்; ஜாபா, இலாம் என்றால் நியூ ஜல்பைகுரியில் இறங்கிப் பானிடங்கி.

ரொக்கம்: 500 ரூபாய்க் கட்டுகளாகக் கொண்டு போக வேண்டாம். 2018 டிசம்பரில் நேபாள அரசு 100-க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்திருந்தது, எல்லையில் அதை வைத்து மிரட்டுகிறவர்களும் பெருகினார்கள்; இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். போனஸையும் முன்பணத்தையும் மேலே சொன்ன வங்கி வழியில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, வழிச் செலவுக்கு 100 ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளட்டும். நாகரிக்தாவின் அசல் பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். தொலைந்தால் மறுபிரதிக்கு மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும்.

---

படிவம்7:

விட்டுப்போன ஒன்று. குழந்தை சென்னையில் பிறந்ததா? மாநகராட்சியில் 21 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழில் பெயர் இல்லாமல் இருந்தால் ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு. அப்பா அம்மா பெயர் அதில் நாகரிக்தாபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு அந்தக் குழந்தை 16 வயதில் நேபாளத்தில் குடியுரிமை கேட்கும்போது இந்த ஒரு தாள்தான் அப்பாவோடு இணைக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் "கூர்க்கா" என்று எழுதாமல் அவர் பெயரையே எழுதுங்கள். வாயில் வரும் பெயர்தான் பதிவேட்டிலும் ஏறுகிறது.

---

வேளச்சேரி_48வீடு:

குழந்தை இங்கேதான் பிறந்தது, சான்றிதழில் அப்பா பெயர் வெறும் 'பகதூர்' என்றுதான் இருக்கிறது. நாகரிக்தாவின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை மண்டல அலுவலகம் போகிறோம். அதன் பிறகுதான் வங்கி.