தண்ணீர் சுற்றும் பிளாங்கெட்: லோ ஃப்ளோ அலாரம், ஈரமான ஷீட், ஒத்துப்போகாத டெம்பரேச்சர்

ஐசியூ இன்சார்ஜ் (கேள்வி)

பத்து வருடத்துக்கு மேல் ஓடும் ஹைப்போ-ஹைப்பர்தெர்மியா மெஷின் (பேஷன்ட்டுக்கு அடியில் விரிக்கும் பிளாங்கெட்டில் தண்ணீரைச் சுற்றவிட்டு உடம்பைக் குளிர்விக்கும், சூடாக்கும் கருவி). தண்ணீரை 4 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகும் வகை. தலைக்காயக் கேஸ்களுக்குக் காய்ச்சல் இறக்கத்தான் பெரும்பாலும் போடுகிறோம்.

மேனுவல் மோடில் (தண்ணீரின் சூட்டை நாமே வைப்பது) 4 டிகிரி வைத்தால் முதல் ஒரு மணி நேரம் டெம்பரேச்சர் அசைவதே இல்லை, பேஷன்ட் நடுங்குகிறார். பிறகு மளமளவென்று இறங்குகிறது. மெஷின் 37 காட்டும்போது நிறுத்தினால், யூரின் கதீட்டர் ப்ரோப் (சூடு அளக்கும் சென்சர்) போட்ட மானிட்டரில் 35.8 இருக்கிறது. மெஷினின் ரெக்டல் ப்ரோப் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். மலக்குடல் சூடு கொஞ்சம் அதிகம் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தலைப்பக்கத்தை 30 டிகிரி தூக்கியதும் லோ ஃப்ளோ அலாரம் (தண்ணீர் ஓட்டம் குறைவு என்ற எச்சரிக்கை). ஷீட் எப்போதும் ஈரம். தண்ணீர் டயாலிசிஸ் ஆர்ஓ பிளான்ட்டிலிருந்து வருகிறது. பம்ப் மாற்றணும் என்று சர்வீஸில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்கலாம்?

பயோமெட் மதுரை (மருத்துவக் கருவி இன்ஜினியர்)

சிஸ்டர், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீங்க. தலையைத் தூக்கும்போது மட்டும் அலாரம் வந்தால் பம்ப்பைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கட்டில் மடிகிற இடத்தில், அதாவது இடுப்புக்கு நேராக, பிளாங்கெட்டும் மடிகிறது. பேஷன்ட்டின் எடை அத்தனையும் அந்த மடிப்பில் இறங்கி உள்ளே இருக்கிற தண்ணீர்ப் பாதையை நசுக்கிவிடும். முதுகுப் பலகையைத் தூக்காமல் மொத்தக் கட்டிலையும் தலை மேலே, கால் கீழே வருமாறு சாய்த்துப் பாருங்க. மண்டைக்குள் அழுத்தம் குறையத் தலை உயரணும், அது இதிலும் கிடைக்கும். கால்மாட்டில் சரியாமல் இருக்க ஒரு தடுப்பு வையுங்க.

அப்படியும் அலாரம் வந்தால் ஹோஸ் மாட்டுகிற கப்ளிங்கைக் கழற்றி மறுபடி தள்ளுங்க. 'டக்' என்று சத்தம் வரணும். பாதி உட்கார்ந்த கப்ளிங் வெளியே சரியாகத்தான் தெரியும், உள்ளே வால்வு திறந்திருக்காது. ஹோஸ் கிளாம்ப் திறந்திருக்கா, கட்டில் சக்கரம் ஹோஸ் மேல் நிற்குதா என்றும் ஒரு பார்வை. கடைசியாக ஃபில்டர். பாசியும் நூலும் அங்கேதான் சேரும்.

பேஷன்ட்டைப் படுக்கவைக்கும் முன்னால் பிளாங்கெட்டை விரித்து, 37 டிகிரியில் ஒரு பத்து நிமிஷம் ஓட்டணும். கையால் தடவினால் கடைசி மூலை வரை உப்பியிருக்கணும். வெறும் பிளாங்கெட் நிரம்பும்போது டேங்க் மட்டம் இறங்கும். அப்போது குறைந்ததை மட்டும் ஊற்றுங்க. மெஷினை நிறுத்தினால் பிளாங்கெட் தண்ணீர் டேங்குக்கே திரும்பும், விளிம்பு வரை நிரப்பியிருந்தால் தரையெல்லாம் தண்ணிதான்.

ஷீட் ஈரத்துக்கு: டேங்க் மட்டத்தில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்க. ஆறு மணி நேரத்தில் மட்டம் இறங்கியிருந்தால் ஓட்டை. இறங்கவில்லை என்றால் அது பிளாங்கெட்டின் வியர்வை. நம்ம ஊர்க் காற்றில் 10 டிகிரி பிளாங்கெட், ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி வெளிப்பக்கம் நீர் கோக்கும். ஓட்டை என்றால் முக்கால்வாசி குற்றவாளி சேஃப்டி பின். ஷீட்டைப் பின் போட்டுக் குத்தவே கூடாது.

க்ரிட்டிகல் கேர் டாக்டர்

முதல் மணி நேரம் அசையாததற்கு மெஷின் காரணமில்லை. காய்ச்சலில் மூளையின் தெர்மோஸ்டாட்டே மேலே ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் 4 டிகிரித் தண்ணீரை முதுகில் வைத்தால் தோல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். நீங்கள் எடுக்கும் சூட்டை அவர் தயாரித்துக்கொண்டே இருப்பார். தலைக்காயத்தில் அந்தக் கூடுதல் ஆக்சிஜன் செலவும் வேண்டாத ஒன்று.

பாராசிட்டமால் போய் வேலை செய்ய நேரம் கொடுங்கள். தண்ணீரை பேஷன்ட் சூட்டைவிட 10 டிகிரி மட்டும் குறைவாக வையுங்கள்: 39.4 என்றால் 29-30. பிறகு படிப்படியாக இறக்குங்கள். கைக்கும் காலுக்கும் சாக்ஸ், துணி சுற்றிவிடுங்கள். நடுக்கத்தைக் கிளப்பும் உணர்வில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. நடுக்கம் முதலில் தாடையிலும் கழுத்திலும் தெரியும், விரல் வைத்துப் பார்த்தால் தட்டுப்படும். அதற்குப் பிறகும் நடுங்கினால் மெக்னீசியம், பெத்திடின், செடேஷன் எல்லாம் டாக்டர் ஆர்டர்.

இலக்குக்கு ஒரு டிகிரி முன்னாலேயே குளிரைக் குறைக்க வேண்டும். நிறுத்திய பிறகும் தோலில் இருக்கும் குளிர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

தோல் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை: பின்னந்தலை, வால் எலும்பு, குதிகால். நார்அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கி பிபி ஏற்றும் மருந்து) ஓடுகிறவருக்கு இன்னும் கவனம் தேவை. பிளாங்கெட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரே ஒரு காய்ந்த ஷீட். இரண்டு மூன்று மடித்துப் போட்டால் குளிர் போகாது. ஈர ஷீட் தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டோ மோடில் (ப்ரோப் காட்டுவதைப் பார்த்து மெஷினே தண்ணீர் சூட்டை மாற்றுவது) ரெக்டல் ப்ரோப் நழுவி வெளியே வந்தால், அது ஷீட்டின் சூட்டைப் படிக்கும். 'பேஷன்ட் குளிர்ந்துவிட்டார்' என்று நினைத்து மெஷின் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே போகும். காய்ச்சலோடு இருப்பவருக்கு அடியில் 42 டிகிரி. ப்ரோப்பைத் தொடையில் டேப் போட்டு ஒட்டுங்கள், ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்கவைத்த பிறகும் பாருங்கள்.

அப்புறம், வெயில் அடித்து விழுந்த கேஸ் இந்தக் கணக்கில் வராது. அங்கே தெர்மோஸ்டாட் ஏறவில்லை, பாராசிட்டமாலால் பயனில்லை. ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதுதான் வேகம். பிளாங்கெட்டை நம்பி நேரம் கடத்த வேண்டாம்.

பயோமெட் கோவை

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆர்ஓ தண்ணீரை நிறுத்துங்க. உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் உலோகப் பாகங்களை அரிக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஹீட்டரில் காரை படியும். டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் ஸ்டெரைல் வாட்டர், அல்லது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்தது. ஆனால் பேட்டரிக் கடையில் 'டிஸ்டில்டு' என்று கேனில் விற்பது பெரும்பாலும் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்), அதுவும் ஆர்ஓ கதைதான். பாசி வருது என்று டேங்கில் ஸ்பிரிட் ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. பிளாங்கெட் பிளாஸ்டிக் கெட்டுப்போகும். டேங்க் சுத்தம் செய்ய மேனுவலில் சொன்ன மருந்து, சொன்ன அளவு மட்டும்.

தண்ணீரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு: இதய ஆபரேஷனில் ஓடும் ஹீட்டர்-கூலர் டேங்குகளில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் கிமேரா என்ற பாக்டீரியா, மெஷின் ஃபேன் காற்றோடு போய்த் திறந்த நெஞ்சில் இறங்கியது. 2015-இல் அமெரிக்க எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது. நம்ம மெஷின் வேறு வகைதான், ஆனாலும் ஃபேன் பக்கம் காயத்தைப் பார்க்கும்படி வைக்கக் கூடாது.

35.8 / 37 விஷயத்துக்கு வருகிறேன். மலக்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் 1.2 டிகிரி வித்தியாசம் வராது, வந்தால் சில பாயின்ட்தான். ப்ரோப் 400 சீரிஸ் வகை என்றால் மல்டிமீட்டர் போதும். பிளாஸ்கில் 37 டிகிரி வெந்நீர், பக்கத்தில் நம்பகமான தெர்மாமீட்டர், ப்ரோப்பை ஐந்து நிமிஷம் விட்டு ஓம்ஸ் (மின்தடை) பாருங்க. 1355-ஐ ஒட்டி வரணும். (25 டிகிரியில் 2252.) 700 சீரிஸ் ப்ரோப் இதற்குப் பொருந்தாது, உறையில் பார்த்துக்கோங்க.

என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகள் ஐசியூ) ஸ்டாஃப்

இடையில் ஒன்று: பிறந்ததும் அழாத குழந்தைகளுக்கு இதே மெஷினில் சின்ன பிளாங்கெட் மாட்டி 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைக்கலாமா?

க்ரிட்டிகல் கேர் டாக்டர்

மெஷின் செய்யும், ஆனால் கேள்வி அதுவல்ல. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் இப்படிப்பட்ட 408 குழந்தைகளிடம் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31. உங்கள் நியோனேட்டாலஜிஸ்ட் முடிவெடுக்காமல் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

ஐசியூ இன்சார்ஜ்

கட்டிலை மொத்தமாகச் சாய்த்தோம், அலாரம் இல்லை. டேங்க் மட்டம் இறங்கவில்லை, ஆக ஷீட் ஈரம் வியர்வைதான். ப்ரோப் 400 சீரிஸ், 37 டிகிரியில் 1290 ஓம்ஸ் காட்டுகிறது.

பயோமெட் கோவை

சூடு ஏறினால் ஓம்ஸ் குறையும் வகை இது. 1290 என்றால் மெஷின் அதை 38.2 என்று படிக்கும். உங்க 1.2 டிகிரி அங்கேதான் இருக்கு. பழைய ப்ரோப்பை வெட்டிப் போட்டுடுங்க, டிராயரில் வைத்தால் நைட் ஷிஃப்டில் யாராவது மறுபடி மாட்டுவாங்க.