மூட்டில் காய்க்கும் மூட்டிப்பழம்

மூட்டிப்பழத்தை நான் முதலில் பார்த்தது பழமாக இல்லை, பூவாக. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்வெட்டிக்கொண்டிருந்த காலம். பிப்ரவரி மாதம் இருக்கும், ஓடைக்கரையில் ஒரு மரத்தில் தரையிலிருந்து என் தலை உயரம் வரைக்கும் தண்டையே மறைத்துக்கொண்டு சிவப்புச் சிவப்பாக நூல் தொங்கியது, மேலே அண்ணாந்து பார்த்தால் வெறும் பச்சை இலை. ஏதோ சீக்கு என்று நினைத்துக் குச்சியால் சுரண்டினேன். கூட வந்த காணிக்காரப் பழங்குடித் தாத்தா குச்சியைப் பிடுங்கிவிட்டார். “அது பூவாக்கும் மக்களே, நோண்டாதே. மழைக்கு வா, பழம் திங்கலாம்.”

எங்கள் குமரிப் பக்கம் மரத்தடியை மூடு என்போம், தென்னை மூடு, பலா மூடு. மூட்டில் காய்ப்பதால் மூட்டி, அவ்வளவுதான் பெயர்க்கதை. அறிவியல் பெயரில் குற்றாலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்காரியா கோர்டாலென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இயற்கையாக வளராது. மலேசியாவில் ரம்பாய் தின்றவர்களுக்குப் பிடிபடும், அது இதற்குப் பங்காளி.

ஜூலையில் போனோம். அட்டைக்கடி, சறுக்கல், அதையெல்லாம் விடுங்கள். பெரிய நெல்லிக்காய் அளவில் ரத்தச் சிவப்பாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கின, சில கொத்துகள் மண்ணையே தொட்டுக்கொண்டு கிடந்தன. ஏற வேண்டாம், கல்லெறிய வேண்டாம், குத்தவைத்து உட்கார்ந்து பறிக்கலாம். கரடிக்கும் அதே வசதிதான் என்று தாத்தா சொன்னதிலிருந்து நான் பழத்தைப் பார்த்ததை விடப் புதரைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தடித்த தோல் பட்டென்று வெடிக்கும், உள்ளே கொட்டையை ஒட்டிக் கண்ணாடி மாதிரிச் சதை. முதலில் புளிப்பு, அப்புறம் மெல்ல ஒரு இனிப்பு. பத்துப் பழம் தாண்டினால் பல் கூசும், நான் முப்பது தின்றுவிட்டு ராத்திரி சோறு மெல்ல முடியாமல் கிடந்தேன். அம்மா தோலை மட்டும் நறுக்கி ஊறுகாய் போட்டாள். உண்மையைச் சொன்னால் பழத்தை விட அந்த ஊறுகாய்தான் பிரமாதம்.

இப்போது என் சோகம். அந்த ருசி மறக்காமல் ஒரு நர்சரியில் கன்று வாங்கி வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரம் நிழலில் நட்டேன். ஏழு வருஷம் கழித்துப் பூத்தது, மூடு முழுக்கச் சிவப்பு, வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஒரு மாதத்தில் அத்தனையும் கொட்டிவிட்டது. அடுத்த வருஷமும் அதே கதை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, விதைக்கன்றைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. பெண் மரத்தில் எடுத்த ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டுமாம், விற்றவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. எனக்கு வாய்த்தது ஆண்.

போன வருஷம் பக்கத்திலேயே ஒரு ஒட்டுக்கன்று வைத்திருக்கிறேன், முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பெரியவர் அதுவரைக்கும் பூத்துக்கொண்டிருக்கட்டும்.