45 நாளாகியும் முளைக்காத குன்றிமணி, தண்ணீர்விட்டான், சர்ப்பகந்தி: உதவி தேவை

கேள்வி (மாடிச்செடி)

வணக்கம். மூன்று மூலிகை விதைகளை ஒரே நாளில் போட்டேன். குன்றிமணி 10, தண்ணீர்விட்டான் 12, சர்ப்பகந்தி 20. எல்லாவற்றையும் ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்த ட்ரேயில் விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இன்றோடு 45 நாள். ஒன்றுகூடத் தலை காட்டவில்லை.

பொறுக்க முடியாமல் நேற்று தோண்டிப் பார்த்தேன். குன்றிமணி போட்டபடியே பளபளவென்று கிடக்கிறது. சர்ப்பகந்தியில் பல, விரல் பட்டதுமே நசுங்கிவிட்டன. தண்ணீர்விட்டான் ஒன்றில் மட்டும் வெள்ளை நூல் மாதிரி ஏதோ இருந்தது, எடுக்கும்போது ஒடிந்துவிட்டது. அது வேரா, பூஞ்சையா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கவா? சர்ப்பகந்தி மட்டும் பாக்கெட்டில் இன்னும் 30 இருக்கிறது.

பதில் (விதைப்பெட்டி)

தயவுசெஞ்சு கொட்டிடாதீங்க! ஒடிஞ்சது வேர்தான். பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி விதையைச் சுத்திப் படரும், ஊதினா அசையும். ஒரே இடத்துலேர்ந்து ஒத்தை நூலா, கெட்டியா வந்தா அது வேர். தண்ணீர்விட்டானுக்கு மூணு வாரத்துலேர்ந்து ஆறு வாரம், சில நேரம் அதுக்கு மேலயும் ஆகும். முதல்ல வேர் இறங்கும், அப்புறம்தான் மேல வரும். அதுவும் ரெண்டு இலையோட வராது. விதையிலை மண்ணுக்குள்ளயே தங்கிடும், ஊசி மாதிரி ஒரு தண்டு மட்டும் எட்டிப்பார்க்கும். புல்லுன்னு நினைச்சுப் பிடுங்கிடாதீங்க. மிச்சம் 11 விதையையும் தொடவே வேண்டாம்.

குன்றிமணி கதை வேற. அது தூங்கலை, அதுக்குள்ள தண்ணியே போகலை. அவ்வளவு கெட்டியான தோல். ஒரு மாசம் ஊறவச்சாலும் அப்படியேதான் இருக்கும். உப்புத்தாள்ல தேய்ங்க. கறுப்பு முனையில தேய்க்காதீங்க, விதை காயோட ஒட்டியிருந்த தழும்பு அங்கதான் இருக்கு, முளையும் அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம், சிவப்புல தேய்ங்க. சிவப்பு போய் உள்ள வெளிர் நிறம் தெரிஞ்ச உடனே நிறுத்திடுங்க. அப்புறம் ஒரு ராத்திரி ஊறப்போடுங்க. உப்பிப் பெருசாச்சுன்னா தண்ணி போயிருச்சு. உப்பாததை மட்டும் இன்னொரு தடவை தேய்ச்சாப் போதும்.

பதில் (இலைக்காரன்)

தேய்க்கிறதுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும்? கொதிக்கிற தண்ணீரில் அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க, தோல் இளகிவிடும்.

பதில் (விதைப்பெட்டி)

அஞ்சு நிமிஷம் கொதிச்சா உள்ள இருக்கிற முளையும் வெந்துடும். சுடுதண்ணி முறைன்னா, அடுப்பை அணைச்சு, கொதி அடங்கின தண்ணிய விதை மேல ஊத்தி, அப்படியே ஆற விடணும். பத்தே விதை இருக்கிறவங்களுக்கு உப்புத்தாள்தான் பயமில்லாதது.

பதில் (வேரடி)

முக்கியமான ஒன்றைச் சேர்க்கிறேன். முழுக் குன்றிமணியைவிடத் தோல் உடைந்த குன்றிமணிதான் ஆபத்து. உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. கையுறை போட்டு, தாளை நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது. தேய்த்த தாளையும் ஊறிய தண்ணீரையும் உடனே அப்புறப்படுத்துங்கள். வீட்டில் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருந்தால் ஒரு விதைகூட எண்ணிக்கையில் குறையக் கூடாது.

சர்ப்பகந்திக்கு வருவோம். அதில் இயற்கையாகவே முளைப்பு குறைவு. வெளியே கொட்டை நன்றாக இருக்கும், உள்ளே பருப்பே இருக்காது. பாக்கெட்டில் உள்ள 30-ஐயும் காய்ந்தபடியே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவை பெரும்பாலும் பதர். மூழ்கியதில் ஒன்றை மட்டும் குறுக்கே வெட்டுங்கள். வெள்ளையாக, கெட்டியாகப் பருப்பு இருந்தால் நம்பி விதைக்கலாம். பழுப்பாகச் சுருங்கியிருந்தால் விதை பழசு. இது மாதக்கணக்கில் வைத்துப் போடும் விதை அல்ல, பழம் கறுத்ததும் சதையைக் கழுவிவிட்டுப் போடுவதுதான் சிறப்பு. விதையே கைகொடுக்காவிட்டால், வளர்ந்த செடியிலிருந்து விரலளவு வேர்த்துண்டு கிடைத்தால் அதிலிருந்தும் துளிர்க்கும்.

உங்கள் கலவைதான் எனக்கு உறுத்துகிறது. பாதிக்குப் பாதி மண்புழு உரம், இரண்டு வேளை தண்ணீர் என்றால் மெதுவாக முளைக்கும் விதை முளைப்பதற்குள் அழுகிவிடும். முளைக்க உரம் தேவையில்லை, சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. கழுவிய மணலும் தென்னைநார்க் கழிவும் போதும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். மூடி போட்டு வையுங்கள், மேல்மண் வெளுத்தால் மட்டும் தெளியுங்கள்.

கேட்டவர், அன்று இரவு

30-ல் 21 மிதந்துவிட்டது! மூழ்கிய ஒன்பதில் ஒன்றை வெட்டினேன், உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது. மீதி எட்டையும் மணலில் போட்டிருக்கிறேன். குன்றிமணி தேய்த்து ஊறுகிறது.

கேட்டவர், 38 நாள் கழித்து

குன்றிமணி மறுநாளே ஏழு உப்பிவிட்டது, பன்னிரண்டு நாளில் ஐந்து முளைத்தது. இப்போது குச்சியைப் பிடித்து ஏறுகிறது. தண்ணீர்விட்டானில் நான்கு ஊசிகள். வேர் ஒடிந்ததை அதே இடத்தில் புதைத்திருந்தேன், அது வரவில்லை. சர்ப்பகந்தி எட்டில் இரண்டுதான், ஒன்று நேற்றுத்தான் விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு நிமிர்ந்தது. அந்தத் தோலை எடுத்துவிடலாமா?

பதில் (வேரடி)

இழுக்காதீர்கள், இலை கிழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் விட்டு மூடி வையுங்கள், தானாகக் கழன்றுவிடும். மீதி ஆறையும் தோண்டாதீர்கள், சர்ப்பகந்தி ஒன்றொன்றாகத்தான் எழும்.