நனைந்த கம்பளி சூடு தருமா?

கூடாரவாசி:
“சோபாவுக்கும் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் டென்ட்டுக்கும் ஒரே கம்பளி போதும், 130×180 செ.மீ. வாங்குங்க, நனைஞ்சாலும் சூடு தரும்”னு மலைக்காற்று அடிச்சு விட்டிருக்கார். ஊறின கம்பளி எடை ரெண்டு மடங்குக்கு மேல போகும். இழைக்கு நடுவுல காத்து நிக்க வேண்டிய இடத்துல தண்ணி நின்னா சூடு எங்கிருந்து வரும்?

மலைக்காற்று:
கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கும், தொட்டா தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பமும் விடும். நனைஞ்சாலும் சூடு தரும்.

தறிக்காரன்:
ரெண்டு பேரும் அளவையே பார்க்கல. ஐந்தரை அடி ஆள் 168 செ.மீ. 180 நீளத்துல கால்மாட்டில் மடிச்சுச் சொருக ஒரு சாண்கூட மிஞ்சாது. புரண்டு படுத்தா முதுகு வெளிய. டென்ட்டுக்கு 150×200 வேணும், 400 ஜிஎஸ்எம்ல, அதாவது சதுர மீட்டருக்கு 400 கிராம்னா, அது 1.2 கிலோ. வாங்கும்போது ஓரத்துல ரெண்டு நூல் உருவிக் கொளுத்துங்க. முடி கருகின நாத்தம் வந்து சாம்பல் பொடிஞ்சா கம்பளி. உருகிக் கறுப்பு மணியா இறுகினா அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. பானிபட்டில் பழைய ஸ்வெட்டரைக் கிழிச்சு நூற்கிற நூல்ல இழை குட்டை, அதான் பிசிறு உதிருது.

கூடாரவாசி:
அளவு கிடக்கட்டும். நனைஞ்சா சூடு வருமா, வராதா?

மலைக்காற்று:
வரும். 30 சதவீதம்னு எழுதினது கண்ணுல படலையா? மழைக்கோட்டு விவாதத்துலயும் பாதி படிச்சுட்டுத்தான் வந்தீங்க.

கூடாரவாசி:
அந்த விவாதத்துல தையல் வழியா ஒழுகும்னு நான் சொன்னதுக்கு இன்னிக்கு வரை உங்ககிட்ட பதில் இல்ல. ராத்திரி பூரா ஊறின கம்பளியைப் போர்த்திப் படுங்க, தெரியும்.

நீலகிரியான்:
பானிபட்டை ஏன் மட்டம் தட்டணும்? மெரினோ ஆட்டுக் கம்பளி வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்கா?

தறிக்காரன்:
யார் மட்டம் தட்டினா? ‘உல்லன்’னு மட்டும் போட்டுக் கம்பளி எத்தனை சதவீதம்னு போடாத லேபிளைத்தான் குறை சொல்றேன். நெருப்புப் பக்கம் உக்காரும்போது அதான் முக்கியம்: பொறி விழுந்தா கம்பளி கருகி நின்னுடும், அக்ரிலிக் உருகித் தோல்ல ஒட்டும். தக்காண ஆட்டுக் கம்பளி குத்தும், ஆனா உழைக்கும். உள்ளே பருத்தி விரிப்பு வச்சுக்குங்க. டென்ட்டுல அடியில விரிக்கிற ஸ்லீப்பிங் மேட் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. அடியில போட்ட கம்பளி உடம்பு எடையில அமுங்கும், சூட்டைத் தரை உறிஞ்சிடும். ஊறிட்டா முறுக்காதீங்க. துண்டுல சுருட்டி அழுத்தி, நிழல்ல படுக்கவச்சுக் காயவிடுங்க. கொடியில போட்டா தன் எடைக்கே இழுத்துக்கும். வெந்நீர்ல போட்டு அலசினா இழையோட செதில் கோத்துக்கிட்டுச் சுருங்கிடும்.

கூடாரவாசி:
காயவைக்க வழி சொல்றார்னா நனைஞ்சா சூடு தராதுன்னுதானே அர்த்தம்?

மலைக்காற்று:
அவர் அப்படி எங்க சொன்னார்? தறிக்காரன் என் பக்கம்.

தறிக்காரன்:
நான் யார் பக்கமும் இல்ல. முதல்ல அந்த 130×180ஐ மாத்துங்க.

மலைக்காற்று:
மாத்த மாட்டேன். நனைஞ்சாலும் சூடு தரும்.